கண்ணெரிச்சல் பொட்டலம்

2011-ல் சிந்துஜா சிதம்பரத்தில் பொறியியல் மூன்றாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தாள். கடலூர்க் கரையோர மீனவக் குடும்பம். தமிழ் வழியில் படித்து வந்தவள் என்பதால் வகுப்பில் வாயே திறக்கமாட்டாள். ஞாயிற்றுக்கிழமை தோழி சுவாதி வீட்டு மொட்டைமாடியில் மட்டும் அவள் வேறு ஆள். அங்கே ஆளுக்கொரு வீரராக வேடம் ஏற்று, பகடை உருட்டி, கற்பனை நாட்டில் அரக்கர்களோடு சண்டை போடும் விளையாட்டு நடக்கும். கதையைச் சொல்லி, அரக்கர்களையும் நடத்துகிறவன் வகுப்புத் தோழன் திருநாவுக்கரசு. விதிகள் எல்லாம் ஆங்கிலத்தில்.

சிந்துஜா தன் வீராங்கனைக்குப் புது ஆயுதம் ஒன்று கேட்டாள். மிளகாய்ப்பொடியும் சாம்பலும் கட்டிய துணிப் பொட்டலம். எறிந்தால் எதிரிக்குக் கண் எரிய வேண்டும்.

"பொடி பட்டா, சண்டை முடியிற வரைக்கும் கண்ணு தெரியாதுன்னு வெச்சுக்கலாம்," என்றான் திருநாவுக்கரசு.

அதன் பிறகு எல்லோரும் பொட்டலத்தையே எறிந்தார்கள். எந்த அரக்கன் வந்தாலும் குருடாகி விழுந்தான். விளையாட்டு சப்பென்று போனது.

"உன்னோட ஆயுதம். நீயே சரிபண்ணு," என்றாள் சுவாதி.

ஊருக்குப் போனபோது சிந்துஜா நிஜமாகவே ஒரு பொட்டலம் கட்டி, கரையில் கிடந்த படகின் மேல் வீசிப் பார்த்தாள். எதிர்க்காற்று பொடி முழுவதையும் அவள் முகத்திலேயே கொட்டியது. அலறல் கேட்டு அம்மா இருசம்மாள் குடத்தோடு ஓடிவந்தாள்.

"தேய்க்காத. எவனாவது வம்பு பண்றானா, சொல்லு."

"இல்லம்மா, வெளையாட்டுக்கு."

"இஞ்சினீருக்குப் படிக்கிறவ வெளையாடுற வெளையாட்டா இது?"

திட்டிக்கொண்டே தண்ணீர் ஊற்றினாள். கண்ணைத் திறக்க முடியாவிட்டாலும் அம்மா எந்தப் பக்கம் நிற்கிறாள் என்று சிந்துஜாவுக்குக் குரலிலேயே தெரிந்தது.

அடுத்த ஞாயிறு அவள் புது விதியைத் தமிழிலேயே எழுதி வந்து வாசித்தாள். காற்றுக்கு எதிராக எறிந்தால் எறிந்தவர் கண்ணில்தான் விழும். கண்ணில் பொடி விழுந்தவர் தூரத்தில் இருப்பவரைத் தாக்க முடியாது. பக்கத்தில் இருப்பவரைச் சத்தம் கேட்டுத் தாக்கலாம். கூட்டாளி ஒருவர் தன் முறையை விட்டுக்கொடுத்துத் தண்ணீர் ஊற்றினால் பார்வை திரும்பும்.

"அரக்கனுக்குக் கூட்டாளி இருந்தா?" என்றான் திருநாவுக்கரசு.

"அவுங்களும் ஊத்தட்டும்."

அன்று அரக்கனே பொட்டலம் எறிந்தான். சுவாதியின் வில்லாளிக்குக் கண் போனது. அடுத்து அரக்கனை அடிக்கும் முறை சிந்துஜாவுடையது.

"நான் அடிக்கல. சுவாதிக்குத் தண்ணி ஊத்துறேன்," என்றாள்.

சுவாதி அம்பு விட்டாள். அரக்கன் சாய்ந்தான். திருநாவுக்கரசு அந்தத் தாளைக் கேட்டு வாங்கி இன்னொரு முறை படித்தான்.

விஷயம் பரவி, ஆங்கிலத் தாளைப் பார்த்து ஒதுங்கி நின்ற விடுதிப் பெண்கள் மற்ற விதிகளையும் தமிழில் கேட்டார்கள். சிந்துஜா எழுதிக் கொடுத்தாள். 2012-ல் கல்லூரி விழாவில், ஓர் அறை நிறைய ஆட்கள் சுற்றி உட்கார்ந்திருக்க, கதையை நடத்தியது அவள்தான். புவனகிரியிலிருந்து வந்த முதலாண்டுப் பெண்ணொருத்தி வாசலில் தயங்கினாள்.

"உள்ள வாம்மா," என்றாள் சிந்துஜா. "மொதல்ல உன் வீராங்கனைக்கு ஒரு பேரு வையி."