பானெட்டைக் கட்டிய கயிறு

எண்பதுகளில் எங்கள் வாடகைக் காருக்கு டீசல் எஞ்சின் மாட்டினோம். அதற்கேற்ற பெரிய ரேடியேட்டருக்கு உள்ளே இடமில்லை. சங்கரன்கோவில் மெக்கானிக் அதை முன்னால் தள்ளி வைத்து, குறுக்கே நின்ற பானெட் பூட்டை, எஞ்சின் மூடியைப் பிடித்திருந்ததை, அறுத்தெடுத்தார்.

“ஒரு நாள் பொறுங்க அண்ணாச்சி, வேற எடத்துல பூட்டு வச்சுத் தாரேன்.”

“காலைல கல்யாண சவாரி இருக்கு வே. கயிறு போதும்.”

“கயிறு கட்டி ஓட்ட இதென்ன மாட்டு வண்டியா?”

சிரித்துக்கொண்டே நானே கட்டினேன். என் மகன் பக்கத்தில் நின்று பார்த்தான்.

மறுநாள் மாப்பிள்ளை வீட்டாரை அழைத்துவர அவன் தனியாகப் போனான். பனவடலிசத்திரம் தாண்டியதும் முடிச்சு அவிழ்ந்து, பானெட் எழும்பிக் கண்ணாடியை மறைத்தது. முன்னால் ரோடு தெரியாமல் புளியமரத்தில் மோதினான். கண்ணாடிச் சில்லு பாய்ந்து வலது கண் போயிற்று.

ஆஸ்பத்திரியில் என் மனைவி, பார்க்க வந்திருந்த மெக்கானிக்கைச் சபித்தாள். அவர் என்னைப் பார்த்தார். நான் வாய் திறக்கவில்லை.

“அவர ஏசாதம்மா, கயித்தக் கட்டுனது நான்தான்” என்றான் மகன்.

இன்றும் அவள், “கொஞ்சம் இறுக்கிக் கட்டியிருக்கப்படாதால?” என்று அவனிடம் கேட்பாள். அவன் தலையாட்டுவான். நான் எழுந்து வெளியே போய்விடுவேன். அவளிடம் சொல்ல முடியாததைத்தான் இந்தப் பத்திரிகைக்கு எழுதி அனுப்புகிறேன். அவள் தினமும் பத்திரிகை படிப்பவள்.