மூன்று பத்தில் கழுவிய படம்

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்கள் வீட்டு பாத்ரூமில் கும்மிருட்டில் நின்றுகொண்டிருந்தேன். ஜன்னலில் கறுப்புக் கம்பளி. கதவிடுக்கில் பழைய துணி. கை டெவலப்பர் தட்டில்.

பிலிம் கழுவுவது என் பைத்தியம்... உங்களுக்குத் தெரிந்ததுதான். ரோல் பிலிம் இல்லை, தபால் கார்டு அளவு ஷீட் பிலிம். சிவப்பு விளக்குகூட ஆகாது. தட்டில் இரண்டு ஷீட் போட்டால், அடியில் இருப்பதை மேலே, மேலே இருப்பதை அடியில் என்று ஒன்பது நிமிஷம் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

இருட்டில் ஒன்பது நிமிஷத்தை எப்படி அளப்பது? வீட்டுக் கடிகாரம் இஷ்டத்துக்கு நிற்கும், இஷ்டத்துக்கு ஓடும். என் மனைவி பிலோ அப்படியில்லை. கதவுக்கு வெளியே முக்காலி போட்டு உட்கார்ந்து ஜெபமாலை சொல்வாள். பத்து தடவை மந்திரம் சொன்னால் ஒரு பத்து; அதை முடிக்க அவளுக்குச் சரியாக மூன்று நிமிஷம். மூன்று பத்து முடிந்ததும் கதவைத் தட்டுவாள். நான் பண்டிகைக்குப் பண்டிகை கோயிலுக்குப் போகிறவன். ஆனாலும் அவள் ஜெபத்தை என்னைப்போல நம்புகிற ஆள் லிங்கராஜபுரத்தில் கிடையாது!

அன்று கழுவியது பக்கத்து வீட்டு லூர்தம்மாளின் குடும்பப் படம். மூத்த மகள் ரீட்டா கன்னியாஸ்திரீ ஆகப் போகிறாள். மடம் எங்கோ வடக்கே. சனிக்கிழமை காலை, கண்டோன்மென்ட் ஸ்டேஷனுக்குக் கிளம்பும் முன் எல்லோரையும் வாசலில் நிறுத்தி எடுத்தேன். இனி அந்தக் குடும்பம் ஒன்றாக நிற்பது எப்போதோ!

முதல் ஷாட்டில் ரீட்டா சட்டென்று திரும்பிவிட்டாள். "அசையாதேம்மா!" என்று அதட்டி இரண்டாவது எடுத்தேன். அதுதான் படம். முதல் ஷீட் தண்டம்.

பிலோ ஜெபத்தை ஆரம்பித்தாள். அதற்குள் லூர்தம்மாள் வந்துவிட்டார்.

"நானும் சொல்றேன் பிலோ. எம் பொண்ணு படமாச்சே."

முதல் பத்து முடிந்தது. அடுத்தது ஆரம்பிக்க வேண்டியதுதானே? "ரயில்ல போற பிள்ளைக்காக ஒண்ணு" என்றார் அந்தம்மா. சொன்னார்கள். "அங்க குளிராம்... உடம்புக்கு ஒண்ணும் வராம இருக்க ஒண்ணு." அதையும் சொன்னார்கள். "மடத்துத் தாயார் நல்ல மனுஷியா இருக்கணும், அதுக்கு ஒண்ணு." நடுநடுவே அழுகை வேறு. இரண்டாவது பத்துக்கும் இதே கதை.

உள்ளே எனக்கு வியர்த்துக் கொட்டியது.

"பிலோ! பிலிம் கருகிடும்! பயண ஜெபத்தை அப்புறம் வெச்சுக்கக் கூடாதா?"

"ஸ்வல்ப நேரம் சும்மா இருங்க! பெத்த வயிறு, பாவம்!"

ஒன்பது நிமிஷம் ஆயிற்றா, பதினைந்தா? கதவைத் திறந்தால் இரண்டும் போச்சு. குத்துமதிப்பாக ஒரு ஷீட்டை எடுத்து, கருப்பதை நிறுத்தும் ஹைப்போவில் போட்டேன். என் கணக்கு தப்பென்றால் மற்றதாவது பிழைக்கட்டும் என்று, அதை ஜெபம் முடியும்வரை விட்டுவைத்தேன். எது எந்த ஷீட்? இருட்டில் தடவினால் இரண்டும் ஒன்றுதான்.

பிலோ கதவைத் தட்டியதும் அதையும் ஹைப்போவில் போட்டு, பிறகு விளக்கைப் போட்டேன். நான் குத்துமதிப்பாக எடுத்த ஷீட் பதமாக, அழகாக வந்திருந்தது. ஆனால் அது முதல் ஷாட்! ஜெபம் முடியும்வரை கிடந்த நல்ல ஷாட் அடுப்புக்கரி.

மறுநாள் பிரின்ட் போட்டு, திட்டு வாங்கத் தயாராக நீட்டினேன். "மன்னிச்சுக்கோங்கக்கா. நல்லது வீணாப்போச்சு. இதுல ரீட்டா அசைஞ்சுட்டா."

லூர்தம்மாள் வெகுநேரம் பார்த்தார். படத்தில் எல்லோரும் கேமராவைப் பார்க்கிறார்கள். ரீட்டா மட்டும், முகம் லேசாகக் கலங்கி, ஓரத்தில் நிற்கும் அம்மா பக்கம் திரும்பியிருக்கிறாள்.

"என்னைத்தான் பாக்கறா, தம்பி" என்றார். "ஸ்டேஷன்ல தலையைக் குனிஞ்சுக்கிட்டே ஏறிட்டா. திரும்பியே பாக்கலை. இதுல பாக்கறா."

படத்தை முந்தானையால் மூடி எடுத்துக்கொண்டு போனார். 'அசையாதே' என்று அதட்டத் தெரிகிறது நமக்கு. யாரைப் பார்க்க அசைகிறார்கள் என்று எந்த போட்டோகிராபர் கேட்டிருக்கிறான்?

"ஜெபம் பலிச்சுது, பாத்தீங்களா?" என்றாள் பிலோ. நல்ல ஷீட்டைக் கரியாக்கியதே அந்த ஜெபம்தான் என்று நாக்கு நுனிவரை வந்தது... முழுங்கிவிட்டேன்.

அந்தக் கரி ஷீட்டை நான் தூக்கிப் போடவில்லை. மேஜை டிராயரில் இருக்கிறது. வெளிச்சத்தில் பிடித்தால் ஒரு முகமும் தெரியாது — ஓர் அம்மா மகளுக்காகக் கூடுதலாகச் சொன்னதெல்லாம்தான் அதில் ஏறியிருக்கிறது.