பொன்னாடைக்குள் எறும்புத்தின்னி

நடுவர்களையே வாயடைக்கச் செய்த பேச்சாளன் நான். சிம்பாங் அம்பாட்டுக்கு அருகிலுள்ள எங்கள் தோட்ட மண்டபத்தில், அன்று எல்லாரும் 'ஒய்பி' என்றழைக்கும் சட்டமன்ற உறுப்பினரின் கார் வந்துசேரும்வரை நேரத்தை நிரப்ப அழைக்கப்பட்டிருந்தேன். அழைத்தவர் மண்டபக் குழுத் தலைவர். மாலையும் பொன்னாடையும் இல்லாமல் தண்ணீர்க் குழாயைக்கூடத் திறக்கமாட்டார்.

விழா ஓர் எறும்புத்தின்னிக்கு; மலாயில் தெங்கிலிங். செம்பனைத் தொழிலாளர்கள் பிடித்து ஒப்படைத்தது. டுரியான் துங்காலில் வாடகைக்குத் தங்கி ஆய்வு செய்துவந்த ஓர் அக்கா, அதன் வாயில் பஞ்சுக்குச்சியால் தடவியெடுத்து மரபணுச் சோதனைக்கு அனுப்பியிருந்தார். எங்கள் தோட்டத்துக்குப் பின்னாலுள்ள சிறுகாட்டில் எஞ்சியிருந்த எறும்புத்தின்னிகளின் கழிவையும் உதிர்ந்த செதில்களையும் அவர் முன்பே சோதித்திருந்தார். எல்லாம் ஒரே வயிற்றுப் பிள்ளைகளைப் போன்ற நெருங்கிய உறவுகள். தமக்குள்ளேயே இணைசேர்ந்து நலிந்துகொண்டிருந்த கூட்டம். பிடிபட்டதோ வேற்று இரத்தம், அதுவும் பெண். நெடுஞ்சாலையைத் தப்பிக் கடந்து வந்திருந்தது. அக்கூட்டத்துக்கு இருந்த ஒரே நம்பிக்கை அதுதான். அதை அந்தக் காட்டிலேயே விட வனவிலங்கு இலாகா தந்த கடிதம் அக்காவின் கையில் இருந்தது.

தலைவர் கடிதத்தைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை.

"ஒய்பி, டவுன் பூங்காவுல விடலாம்னு சொல்லிட்டாரும்மா. அங்க போர்டு கூட ரெடி லா."

"அங்க விட்டா இங்க இருக்கிறது அழிஞ்சிரும், ஐயா."

"காடுன்னா எல்லாம் காடுதானே? ஒரு தெங்கிலிங்குக்கு இவ்ளோ பேச்சா!"

முன்வரிசை சிரித்தது. அவர் மேடையேறி, என் பின்னாலிருந்த கூண்டின்மேல் பொன்னாடையைப் போர்த்தினார். கைதட்டல். தகரக் கூரை கொதிக்கும் பிற்பகலில், காற்றுப் புகாத சரிகைத் துணிக்குள் ஓர் உயிர் இரைத்துக்கொண்டிருந்தது. இவர்கள் மரியாதை என்று சொல்வதைவிடக் கேவலமான ஒன்றை நான் கண்டதில்லை.

காலியான தண்ணீர்ப் போத்தலை எடுக்க வந்தவர்போல் அக்கா மேடையேறினார். "தம்பி, நிறுத்திராத. எல்லாரும் உன் மூஞ்சியையே பாக்கணும். அஞ்சு நிமிஷம் குடு."

கொடுத்தேன். தலைவரின் சேவையைப் புகழ்ந்தேன்; தகுதியற்றவரைப் புகழ்வதற்கு என்னைப் போன்றவர்கள் நிறையப் பயின்றிருக்கிறோம். தம் பெயரைக் கேட்டதும் அவர் கண்மூடி ரசித்தார். கூட்டம் வாய்பிளந்து கேட்டது. அக்கா விலங்கைத் திரைமறைவில் வைத்திருந்த காற்றோட்டமான பெட்டிக்கு மாற்றி, வெறுங்கூண்டை மறுபடி போர்த்திவிட்டுப் பின்வாசல் வழியாகப் போய்விட்டார்.

பிரமுகர் மூன்று மணிநேரம் தாமதமாக வந்தார். போர்த்திய கூண்டின்மேல் கைவைத்துப் படமெடுத்துக்கொண்டார். "நல்ல பெரிய சைஸ் போல," என்று வியந்தார். துணியை ஒருவரும் விலக்கிப் பார்க்கவில்லை. "நீங்களே கொண்டுபோயி விட்டிருங்க," என்று கிளம்பிவிட்டார்.

லாரியில் ஏற்றும்போதுதான் கூண்டு கனக்கவில்லை என்று தெரிந்தது.

"எங்க தம்பி அது?" என்றார் தலைவர்.

"நம்ம பின்காட்டுக்கே போயிருச்சு, ஐயா."

அவர் அதிர்ந்தார், ஆனால் விலங்கை எண்ணி அல்ல. "இப்ப போட்டோக்குக் கீழ என்னன்னு எழுதுறது?"

மண்டபத்தைவிட்டு வெளியேறினேன். பொழுது சாயும்போது அக்கா அழைத்தார். குரல் மிகத் தாழ்ந்திருந்தது.

"இவ்ளோ நேரம் சுருண்டே கெடந்துச்சு, தம்பி. செத்துருச்சோன்னு பயந்துட்டேன். இப்பதான் தலைய நீட்டுது... எந்திரிச்சிருச்சு. உள்ள போவுது."

கைப்பேசியில் காய்ந்த இலைகள் நொறுங்கும் ஓசை கேட்டது. அது தேய்ந்து அடங்கும்வரை காதை எடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.