வலது கை பெர்மனன்ட், இடது கை டெம்பரவரி

1. சட்டைப் பை

என் மார்பு கோணலாக வளர்கிறது என்பதை முதலில் கண்டுபிடித்தவர் டாக்டர் இல்லை, நாஷ்டா கடை சரோஜாக்கா.

எழுபதுகளின் நடுவில், கும்மிடிப்பூண்டியில் ஒரு தொழிற்சாலையின் எரெக்‌ஷன் பிரிவில் நான் டெம்பரவரி ஹெல்பராக இருந்தேன். புது மெஷின் வந்தால் லாரியிலிருந்து இறக்கி, ஃபவுண்டேஷனில் நிறுத்தி, குமிழி ஓடும் ரசமட்டம் வைத்து மட்டம் பார்த்து, போல்ட் முடுக்கிக் கொடுப்பது எங்கள் பிரிவின் வேலை. அதில் என் வேலை கடைசியில் சொன்ன போல்ட் முடுக்குவது மட்டும். பைப் சொருகிய ஸ்பானரை வலது கையால் தள்ளிக்கொண்டே இருப்பேன்.

ஆயுத பூஜை முடிந்ததும் டெம்பரவரிகளில் ஒன்றிரண்டு பேரை நிரந்தரமாக்குவார்கள். மற்றவர்களை “சொல்லி அனுப்புறோம்” என்று அனுப்பிவிடுவார்கள். யாருக்காவது சொல்லி அனுப்பியதாக நான் கேள்விப்பட்டதே இல்லை. இரண்டு பூஜைகளை எப்படியோ தாண்டிவிட்டேன். மூன்றாவதை நினைத்தாலே சோறு இறங்காது.

பெர்மனன்ட் ஆனவர்களைக் கவனித்துப் பார்த்தேன். எல்லோரும் மார்பு அகன்ற ஆட்கள். ஆகவே மார்பு இருந்தால் வேலை நிரந்தரம் என்று முடிவு கட்டினேன். பெர்மனன்ட் ஆன பிறகு, அந்தச் சம்பளத்தில் பலகாரமும் இட்லியும் தின்று அந்த மார்பு வந்தது என்பது எனக்கு அப்போது தெரியாது.

எளாவூர் செக்போஸ்ட் பக்கத்தில் ஒரு பழைய நெல் குடோனில் லாரிக்காரர்களும் எங்களைப் போன்றவர்களும் சேர்ந்து உடற்பயிற்சி செய்துகொண்டிருந்தார்கள். பார் ஒரு பழைய ஷாஃப்ட். பெஞ்ச் ஒரு லாரிப் பலகை. கிளீனர் காசிதான் எனக்குக் கூட்டாளி. ஐந்து மாதம் விடாமல் போனேன். மார்பு வளர்ந்தது. வலது பக்கம் மட்டும்.

சரோஜாக்கா தோசைத் திருப்பியை என் காக்கிச் சட்டைக்கு நேராக நீட்டினார்.

“இன்னா தாமு, ஒரு பை முட்டிகினு கீது, ஒரு பை தொங்கினு கீது? வலது பையில பீடிக்கட்டு வச்சிகினு கீறியா?”

“இல்லக்கா. அது நான்தான்.”

கடையில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். அன்றிலிருந்து மூன்றாவது இட்லியைத் தட்டின் இடது பக்கமாகவே வைப்பார். “அந்தப் பக்கம் போவட்டும்” என்பார்.

2. ஷிம் வைத்த கதை

எங்கள் தொழிலில் மெஷின் ஒரு பக்கம் தாழ்ந்திருந்தால், அந்தக் காலுக்கு அடியில் மெல்லிய தகடு ஒன்றைச் செருகுவோம். அதற்கு ஷிம் என்று பெயர். தாழ்ந்த பக்கம் உயரும், மட்டம் வந்துவிடும். இரண்டு வருடமாக அதைப் பார்த்துப் பார்த்து என் மூளையில் வேறெதுவும் ஏறாமல் போயிருந்தது.

ஆகவே ஒரு காலையில் பாரின் இடது முனையில் மட்டும் ஒரு பிளேட்டைக் கூடுதலாக மாட்டினேன்.

காசி தலையைச் சொறிந்தான். “டேய், ஒரு பக்கம் வெயிட்டா இருந்தா லாரியே சாயும். உனுக்கு இன்னா?”

“இது ஷிம்முடா. உனக்குப் புரியாது.”

படுத்தேன், தூக்கினேன். முதல் முறை நன்றாகவே வந்தது. இரண்டாவது முறை பார் இடது பக்கம் சாய்ந்து, பிளேட்டுகள் வரிசையாக இறங்கித் தரையில் உருண்டன. இடது பக்கம் காலியானதும் வலது பக்கம் தடாலென்று கீழே போனது. காசி பாய்ந்து பிடித்திராவிட்டால் இதை எழுத நான் இருந்திருக்க மாட்டேன். தோள் மட்டும் பிசகியது, அதுவும் இடது தோள். இருந்த கொஞ்சத்தையும் கெடுத்துக்கொண்டேன்.

3. கொத்தனார் ரசமட்டம்

பூஜைக்கு மூன்று வாரம் இருக்கும்போது பெரிய பவர் பிரஸ் ஒன்று வந்து இறங்கியது. அதைத் தொங்கவிட்டு இறக்கும் சங்கிலிக் கப்பியை, செயின் பிளாக்கை, இழுக்க என்னைக் கூப்பிட்டார்கள். தோள் வலியில் ஒரு கையால் இழுத்தேன். பிரஸ் அந்தரத்தில் அரை சாண் இறங்கும், நிற்கும், மறுபடி இறங்கும்.

எங்கள் ஃபோர்மன் சுப்பாராவ் ஆந்திர எல்லையில் தடா பக்கத்து ஆள். கோபம் வந்தாலும் வராவிட்டாலும் எல்லோரையும் நைனா என்றுதான் கூப்பிடுவார். அதனால் எப்போது பயப்படவேண்டும் என்று யாருக்கும் தெரியாது.

“இன்னா நைனா, இன்னொரு கை லீவுல கீதா?”

பொய் சொல்லிப் பார்த்தேன், நிற்கவில்லை. மார்பு, ஷிம், காசி, எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. மரப்பெட்டி ஒன்றைக் காட்டினார்.

“சட்டைய கழட்டு. மல்லாக்கப் படு.”

பக்கத்தில் கட்டட வேலை நடந்துகொண்டிருந்தது. கொத்தனாரின் ரசமட்டத்தை வாங்கி வந்து, என் மார்பின் குறுக்கே வைத்தார். குமிழி ஒரே ஓட்டமாக வலது பக்கம் ஓடி மூலையில் ஒட்டிக்கொண்டது. பிரிவே கூடிவிட்டது. யாரோ விசில் அடித்தார்கள். பெட்டியோடு பூமிக்குள் போய்விட்டால் போதும் என்றிருந்தது எனக்கு.

“ஸ்பானர் எந்தக் கையில தள்ளுற?”

“வலது சார்.”

“பார் தூக்கறப்ப?”

“ரெண்டு கையும் சார்.”

“நீ அப்டி நெனச்சிகினு கீற. வலது கை தூக்குது, இடது கை சும்மா புடிச்சிகினு கீது. வலது கை பெர்மனன்ட்டு நைனா. இடது கை டெம்பரவரி. எல்லா வேலையும் பெர்மனன்ட்டே செஞ்சிட்டா டெம்பரவரிக்கு எப்டி வேல வரும்?”

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. ரசமட்டம் இன்னும் என் மார்பின் மேல்தான் இருந்தது. படுத்தபடியே வாய் தானாகப் பேசிவிட்டது.

“எனக்கும் அதேதான சார்? ரெண்டு வருஷமா ஸ்பானர்தான். ஒரு நாளாவது மட்டம் பாக்க வுட்டீங்களா?”

சிரிப்பு அப்படியே நின்றது. என் கதை முடிந்தது, பூஜை வரைகூடத் தாங்காது என்று நினைத்தேன்.

சுப்பாராவ் ரசமட்டத்தை எடுத்துத் துடைத்தார். “தோளு செரியாவட்டும். இந்த பிரஸ்ஸுக்கு நீதான் மட்டம் பாக்கற. தப்பாப் போச்சுன்னா நேரா கேட்டுக்குப் போயிடு, நைனா.”

4. உயர்ந்த கால்

தோள் ஆற ஒரு வாரம் ஆனது. அதன்பின் பாரைத் தொடவில்லை. காசி இரண்டு டம்பெல் தேடிக்கொண்டு வந்தான். கைக்கு ஒன்று என்றால் ஒரு கை செய்யும் வேலையை இன்னொரு கை திருட முடியாது. எடையைப் பாதியாகக் குறைத்தேன். முதலில் இடது கை. அது எட்டு முறை தூக்கினால் வலதுக்கும் எட்டுதான், ஒன்பது கிடையாது. கஷ்டமே அதுதான். வலது கை இன்னும் பத்து தூக்குகிறேன் என்று துடிக்கும். காசி டம்பெல்லைப் பிடுங்கிக்கொள்வான். “போதும்டா, பேஜாரு பண்ணாத!”

ஒரு திங்கட்கிழமை பிரஸ்ஸுக்கு மட்டம் பார்க்கச் சொன்னார்கள். இந்த முறை ஃபிட்டர்களின் நல்ல ரசமட்டம் என் கையில் இருந்தது. பிரஸ்ஸின் அடிமேடையான பெட்டின் மேல் வைத்தேன். வடகிழக்கு மூலை உயரம், தென்மேற்கு தாழ்வு. சீனியர் ஃபிட்டர் ஒருவர் ஷிம் தகட்டை வெட்டி நீட்டினார். “தாழ்ந்த கால்ல வச்சி முடுக்கு, நாஷ்டாவுக்குப் போலாம்.”

வாங்கிவிட்டேன். குனிந்தும் விட்டேன். அப்போது, பாரில் ஷிம் வைத்துப் பிசகிய இடது தோள் லேசாக வலித்தது.

ஷிம்மைக் கீழே வைத்துவிட்டு நான்கு போல்ட்டையும் தளர்த்தச் சொன்னேன். ஃபிட்டர் முணுமுணுத்தார். ஜாக்கி வைத்துப் பிரஸ்ஸைக் கொஞ்சம் தூக்கினோம். உயர்ந்த காலுக்கு அடியில் கான்கிரீட் சில்லு ஒன்று நசுங்கிக் கிடந்தது, சுண்டு விரல் நகத்தளவு. தாழ்ந்த காலில் ஒரு குறையும் இல்லை. சில்லை எடுத்துத் துடைத்து இறக்கியதும் குமிழி மெல்ல நகர்ந்து நடுவில் வந்து உட்கார்ந்தது. அன்று என் மார்பின் மேல் குமிழி ஓடிய வேகத்தை நினைத்து, இதுவும் ஓடிவிடுமோ என்று கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஓடவில்லை.

சுப்பாராவ் வந்து குனிந்து பார்த்தார். சில்லைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். “போ நைனா, போய் சாப்ட்டு வா” என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று தெரியாமல் இரண்டு வாரம் தவித்தேன்.

இன்று உடற்பயிற்சிக்குப் போகும் பையன்கள் ஒரு பக்கம் சிறுத்திருக்கிறது என்று புலம்பும்போது நான் சொல்வது இவ்வளவுதான். சிறுத்த பக்கத்தில் ஓடிப்போய் ஷிம் வைக்காதே. எடையைக் குறை, கைகளைப் பிரி, வலுவான கையைக் காத்திருக்கச் சொல். என் மார்பு மட்டத்துக்கு வர அடுத்த ஆடி வரை ஆனது. இன்றும் நூலளவு வித்தியாசம் இருக்கிறது. மெஷினுக்கே டாலரன்ஸ் என்று அவ்வளவு விட்டுக்கொடுப்பு உண்டு.

பிரஸ்ஸுக்கு மட்டம் பார்த்த அந்த வருட ஆயுத பூஜை முடிந்ததும் ஆபீஸில் கூப்பிட்டு ஒரு காகிதத்தை நீட்டினார்கள். பெர்மனன்ட் ஆர்டர். இரண்டு முறை படித்தேன். ஃபேன் காற்றில் காகிதம் படபடத்தது. கையெழுத்தை வலது கைதான் போட்டது. பறக்காமல் பிடித்துக்கொண்டது இடது கை.