ஏழாம் இலக்கக் கசெற்

மக்களிடம் கல்வியைக் கொண்டுபோகிறோம் என்று சொல்லிக்கொள்ளும் வேலையில் முக்கால்வாசி, பூட்டிய அறையைத் திறப்பதும் கதிரை அடுக்குவதும் வராத ஆளுக்காகக் காத்திருப்பதும்தான். அப்படி ஒரு வேலையில் மாட்டிக்கொண்டவர்கள் இதை வாசித்தால், இப்போதே தலையாட்டியிருப்பீர்கள்.

ஒஸ்லோவில் ஒரு பல்கலைக்கழகத்தின் வெளிவாரிக் கல்விப் பிரிவில் நான் இருந்தேன். பல்கலைக்கழகத்துக்கு வர வாய்க்காதவர்களிடம் பல்கலைக்கழகமே போகும் என்பது எங்கள் கொள்கை. நடைமுறையில் போனது நானும் ஒரு பெட்டி கசெற்றும் ஒரு பிளாஸ்க் கோப்பியும். பதினொரு வயது வரை யாழ்ப்பாணத்தில் தமிழிலும், பிறகு ஒஸ்லோவில் நோர்வே மொழியிலும் படித்தவள் என்பதால், ஒஸ்லோவின் அம்மருட் பகுதியில் எங்கள் ஆட்களுக்கு வைத்த உச்சரிப்பு வகுப்பு என் தலையில் விழுந்தது. இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகள் அவை. இப்போது நாற்பத்தெட்டு வயதில் ஊர் திரும்பி இருந்துகொண்டு யோசிக்கையில், அந்த ஒரு வகுப்புத்தான் இன்னும் முடியாதது போல இருக்கிறது.

அசையாதவர்கள்

வகுப்பு நடந்தது ஓர் அடுக்குமாடியின் கீழ்த்தள அறையில். அங்கே விளக்குக்குத் தட்டிப்போடும் ஆளி கிடையாது. ஆள் அசைந்தால் எரியும். கொஞ்ச நேரம் அசைவில்லாவிட்டால் தானாக அணைந்துவிடும். அதைப் பொருத்தியவர் யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூடம் எதையும் கண்டிருக்கமாட்டார். எங்கள் ஆட்கள் ரீச்சர் முன்னால் கையைக் கட்டி இருந்தால் இருந்ததுதான். கண்ணிமையைத் தவிர வேறொன்றும் ஆடாது.

மார்கழி மாதம், பின்னேரம் நாலு மணிக்கே யன்னல் கறுத்திருந்தது. ஒரு வசனத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லக் கொடுத்திருந்தேன். விளக்கு அணைந்தது. ஒருவரும் எழும்பவில்லை, நான் எழும்பச் சொல்லவில்லை அல்லவா? நிறுத்தவும் சொல்லாததால், இருட்டிலேயே சொல்லிக்கொண்டிருந்தார்கள். கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் நோர்வேக்காரக் கிழவர் அந்த நேரம் பார்த்துக் கதவைத் திறந்தார். திறந்த கையோடு சுவரில் சாய்ந்துவிட்டார். பிறகு என்னை வெளியே கூப்பிட்டு அவர் சொன்னதைத் தமிழில் தருகிறேன்: "இருட்டுக்குள்ளே பன்னிரண்டு பேர் ஒரே குரலில் 'நாங்கள் இன்னும் இங்கேதான் இருக்கிறோம்' என்று சொல்கிறீர்கள். இனிமேல் நான் தட்டிவிட்டுத்தான் வருவேன், நீங்களும் பதில் சொல்லாதீர்கள்."

மூச்சுக்குள் ஒரு சம்மதம்

நோர்வேக்காரர் பலர் "ஓம்", "ஆமாம்" என்பதற்கான "யா"வை வெளியே விடமாட்டார்கள். மூச்சோடு உள்ளே இழுப்பார்கள். முதல்முறை கேட்பவருக்கு, எதிரே இருப்பவருக்கு ஏதோ ஆகிவிட்டது என்றுதான் தோன்றும். எனக்கே அது ஒட்டிக்கொண்டுவிட்டது. போன கிழமை இங்கே மருந்துக்கடையில் அப்படிச் சொல்லப்போக, கடைக்காரர் இருக்கக் கதிரை இழுத்துப் போட்டார்.

வகுப்பில் அதைச் சுத்தமாகச் சொன்னவர் சிவபாலன் அண்ணை ஒருவர்தான். லோறென்ஸ்கூக்கில் முதியோர் இல்லம் ஒன்றின் சமையலறையில் வேலை. அங்கே கிழவிகளிடம் பிடித்துக்கொண்டு வந்தார். ஒலிவாங்கியை வாய்க்குள் வைக்காத குறையாகப் பிடித்து, நான் கேட்கும் ஒவ்வொரு கேள்விக்கும் முதலில் ஒரு மூச்சிழுப்பு, பிறகு வசனம். பக்கத்துக் கதிரையில் அவர் மனைவி இராசமலர் அக்கா. முதல் நாள் அவர் துள்ளி எழுந்து கணவரின் நெஞ்சில் கை வைத்துப் பார்த்தார். வகுப்பே சிரித்தது. அக்கா சிரிக்கவில்லை: "இஞ்சாருங்கோ, உதை வேலையிலை சொல்லுங்கோ, வகுப்பிலை சொல்லுங்கோ, வீட்டிலை மட்டும் சொல்லாதேங்கோ. ஒவ்வொருக்காலும் எனக்கு உயிர் போய் வருது."

அழிக்கும் விதி

பன்னிரண்டு மேசை, பன்னிரண்டு ஒலிப்பதிவுக் கருவி, பன்னிரண்டு கசெற். சிவபாலன் அண்ணையுடையது ஏழாம் இலக்கம். குரல் என்பது ஓர் ஆளின் சொந்தத் தகவல், பருவம் முடிந்ததும் அழித்துவிட வேண்டும் என்பது அலுவலக விதி. விதி என்றால் நான் மீறமாட்டேன். நத்தார், கிறிஸ்மஸ் விடுமுறைக்கு முதல் நாள் தனியே இருந்து, அந்தந்த மேசைக் கருவியிலேயே கசெற்றைப் போட்டு, வெறுமையை அதன் மேல் பதிந்தேன். ஒரு மணித்தியாலம் அந்த அறை ஒரு சத்தமுமில்லாமல் பதிவாகிக்கொண்டிருந்தது.

விடுமுறைக்குள்ளேயே சிவபாலன் அண்ணை இறந்துபோனார். எல்லிங்ஸ்ருட்டில் தங்கள் வீட்டு வாசலில், சப்பாத்தைக் கழற்றக் குனிந்தவர் எழும்பவில்லை. மாசி மாதம் இராசமலர் அக்கா வகுப்பறைக்கு வந்தார். மேல்கோட்டைக் கழற்றாமல் நின்றபடியே, அண்ணையின் கசெற் இருக்கிறதா என்று கேட்டார். வீட்டில் வீடியோ நிறைய இருக்கிறதாம். கலியாணம், பிள்ளைகளின் பிறந்தநாள், எல்லாவற்றிலும் அவர் வாயசைக்கிறாராம். ஆனால் எங்கள் ஆட்கள் வீடியோ எடுத்தால் செய்வது உங்களுக்குத் தெரியும்: இருக்கிற சத்தத்தை எடுத்துவிட்டுப் படப்பாட்டைப் போட்டுவிடுவோம். பதினெட்டு வருடக் குடும்ப வாழ்க்கையில் அவருடைய குரல் ஒரு நிமிடம்கூட மிஞ்சவில்லை. மிஞ்சியிருக்கக்கூடியது ஏழாம் இலக்கம்தான். அழித்துவிட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. "தேடிப் பாக்கிறன் அக்கா" என்றேன். அவர் கையுறையைப் போட்டுக்கொண்டே சொன்னார்: "ஆறுதலாத் தேடுங்கோ ரீச்சர். அவர் இனி எங்கை போகப்போறார்?"

ஏழாம் மேசைக்குப் புதியவர்

புதுப் பருவத்தில் ஏழாம் மேசைக்கு வந்தவர் மது. கணினி வேலைக்கு வந்த கணவரோடு தமிழ்நாட்டிலிருந்து வந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. இராசமலர் அக்காவையோ சிவபாலன் அண்ணையையோ அவருக்குத் தெரியாது. நான் "கசெற்" என்பதைக் கேட்டு ஒரு தடவை சிரித்ததோடு சரி, மற்றபடி தானுண்டு தன் பாடமுண்டு என்று இருக்கும் பெண்.

மூன்றாம் வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு மது மட்டும் மேல்கோட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் கோப்பை கழுவி முடிக்கும்வரை பார்த்திருந்துவிட்டு, பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார்: "மேடம், தப்பா நினைக்காதீங்க. இந்தக் கேசட்ல என்னோட இன்னொருத்தர் இருக்கார். நான் ஒவ்வொரு வரியும் முடிச்சதும் மூச்சை இழுத்து, சரின்னு ஒத்துக்கறார்."

இரண்டு நிமிட வேலை

அடுத்த நாள் மத்தியானம் அலுவலகத்தில், நல்ல வெளிச்சத்தில், அதைக் கேட்டேன். முன்னால் மதுவின் குரல், வகுப்புப் பிள்ளையின் தெளிவோடு: நான் ஒஸ்லோவில் இருக்கிறேன். ஓர் இடைவெளி. அந்த இடைவெளியின் அடியிலிருந்து, தண்ணீருக்குள்ளிருந்து வருவது போல, மூச்சை உள்ளே இழுக்கும் ஒரு "யா". அதன் பின்னால் ஏதோ வசனம், சொற்கள் பிடிபடவில்லை. எனக்கு விளங்கியது: நான் அழித்தது அழியவில்லை. சந்தோசப்பட வேண்டிய நேரத்தில், காதில் மாட்டியிருந்த ஹெட்போனைக் கழற்றி மேசையில் தூர வைத்தேன்.

கருவிகளைத் திருத்தும் நோர்வேக்காரரிடம் கொண்டுபோனேன். ஏழாம் மேசைக் கருவியில் அழிக்கும் முனை தேய்ந்துவிட்டது என்றார். பழைய சுவருக்கு மெல்லிசாய்ப் பூச்சடித்தது போல, அடியில் இருப்பது தெரியுமாம். மேலே மேலே பதிந்தால் மங்கிக்கொண்டே போகுமாம். மூன்று வகுப்பு நான் பதியவிட்டிருக்கிறேன். அவர் அதைச் சாதாரணமாக விளக்கி முடித்து, கசெற்றுக்காக, உதவும் எண்ணத்தோடு கையை நீட்டினார்: "முற்றாக அழிக்கிற இயந்திரம் கீழே இருக்கிறது, இரண்டு நிமிட வேலை. செய்து தரட்டுமா?"

கையை ஆட்டாதேங்கோ

வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். அந்தக் கசெற்றில் மதுவின் குரலும் இருந்ததால் முதலில் மதுவிடம் அனுமதி கேட்டேன், உடனே சம்மதித்தார். பிறகு இராசமலர் அக்காவிடம் உண்மையைச் சொன்னேன்: அழித்தது நான்தான், அழியாமல் கிடப்பது இவ்வளவுதான், அதுவும் இன்னொரு பிள்ளையின் குரலுக்கு அடியில். அக்கா எப்போது வரலாம் என்று மட்டும் கேட்டார். அடுத்த வகுப்பு நாள், மற்றவர்கள் வருவதற்கு ஒரு மணித்தியாலம் முன்னதாக வந்து, ஏழாம் மேசையில் இருந்து, காதில் மாட்டிக்கொண்டார். நானும் மதுவும் கதவடியில் நின்றோம்.

அக்கா கையைக் கட்டிக்கொண்டு இருந்தார். அசையவேயில்லை. எங்களுக்கும் அசைய மனம் வரவில்லை. விளக்கு அணைந்தது. கருவியின் சிவப்புப் புள்ளி மட்டும். எவ்வளவு நேரம் என்று தெரியாது. நாடா முடிந்து பொத்தான் "டொக்" என்று தானே மேலெழும்பியதைக் கேட்டேன். சிவப்புப் புள்ளியும் போனது. அதற்குப் பிறகுதான், அந்த முழு இருட்டில், யாரோ மூச்சை உள்ளே இழுத்து "யா" என்றார்கள். மது என் மணிக்கட்டைப் பிடித்தார். அக்காவாக இருக்கலாம். அப்படித்தான் இருக்க வேண்டும். விளக்கை எழுப்ப நான் மற்றக் கையைத் தூக்கப்போனேன். இருட்டில் அது அக்காவுக்கு எப்படித் தெரிந்ததோ: "கையை ஆட்டாதேங்கோ ரீச்சர். அவர் இன்னும் முடிக்கேல்லை."

பதிவேடு

அலுவலகப் பதிவேட்டில் ஏழாம் இலக்கத்துக்கு நேரே "பழுது, கழித்தாயிற்று" என்று எழுதினேன். விதியை மீறி நான் எழுதிய ஒரே வரி. கசெற் எல்லிங்ஸ்ருட்டுக்கு, அக்கா வீட்டுக்குப் போனது. மதுவின் குரலை எடுத்துவிட்டு அண்ணையின் குரலை மட்டும் பிரித்துத் தர முடியுமா என்று திருத்துபவரிடம் கேட்கலாம் என்றேன். மது யோசிக்கவே இல்லை: "வேணாம் மேடம், நானும் அங்கேயே இருக்கேன். அவர் சரின்னு சொல்றதுக்கு, முன்னாடி யாராவது ஏதாவது சொல்லணும்ல?"

பதினொரு வருடம் அந்த வேலையைப் பார்த்ததில், ஒரு பருவம் முழுக்க ஒரு வகுப்பும் தவறாமல் வந்தவர் என்று நான் நேர்மையாகச் சான்றிதழ் எழுதக்கூடிய ஒரே ஆள் சிவபாலன் அண்ணை. கசெற் போன பிறகும் வந்தார், அந்தப் பருவத்தில் பெயரே பதிந்திருக்கவில்லை.