ஒரு தடவை அமுக்கினால் மூன்று ஆர்டர்

காலையில் ஆபீஸுக்கு வந்து கம்ப்யூட்டரைத் திறப்பதற்குள் சேவியர் அண்ணனிடமிருந்து போன்.

"நஸ்ரின் தங்கச்சி, ஹேவ்லாக் ஜெட்டியில மூணு செட்டு மீன் இறங்கிக் கெடக்கு. ரிசார்ட்டுக்காரன் ஒரு செட்டுதான் கேட்டேன்னு சொல்லுதான். உங்க ஆப்புல மூணு ஆர்டருல்லா வந்துருக்கு? நான் இப்ப என்ன செய்ய?"

எங்கள் ஆபீஸ் அந்தமானில், போர்ட் பிளேரின் கராச்சர்மாவில், மூன்றே பேர். ஹேவ்லாக் தீவு ரிசார்ட்டுகள் மீன் ஆர்டர் செய்ய ஒரு வெப் ஆப் நடத்துகிறோம். சேவியர் அண்ணன் தூத்துக்குடிப் பக்கத்துக்காரர், போர்ட் பிளேரில் மீன் வியாபாரம். வந்த ஆர்டரை ஐஸ் பெட்டியில் கட்டிக் காலை ஷிப்பில் ஏற்றிவிடுவார். ஆப்பில் இருந்த ஒரே மீன் வியாபாரி அவர்தான். அவர் விலகினால் ஆப் இல்லை. ஆப் இல்லாவிட்டால் எனக்கு வேலை இல்லை.

"மூணு தடவை ஒரே ஆர்டர் வந்தப்ப சந்தேகம் வரலையா அண்ணே?"

"சீசன் நேரம். ஏதும் கல்யாணப் பார்ட்டின்னு நெனச்சேன்."

ரிசார்ட் மானேஜரைக் கூப்பிட்டேன். "கசம் சே, ஏக் ஹி பார் தபாயா" என்றார். சத்தியமாக ஒரே தடவைதான் அமுக்கினாராம். சர்வரில் பதிவாகும் லாக்கைப் பார்த்தேன். மூன்று ஆர்டருக்கும் நடுவில் ஒரே அளவு இடைவெளி. மனித விரல் அவ்வளவு ஒழுங்காக அமுக்காது. மானேஜர் சொன்னது உண்மை.

முதலில் மீன். ஐஸ் உருகுவதற்குள் ஒவ்வொரு ரிசார்ட்டாகப் போன் செய்து, "தாஜா சுர்மை சாஹியே?" என்று, புது வஞ்சிரம் வேண்டுமா எனக் கேட்டேன். கோட் எழுதத்தான் என்னை வேலைக்கு எடுத்தார்கள். மதியத்துக்குள் ஒரு செட் இரண்டு ரிசார்ட்டுகளுக்குப் போனது. இன்னொன்றைச் சேவியர் அண்ணன் போனிலேயே பேசி ஹேவ்லாக் மார்க்கெட்டில் தள்ளிவிட்டு, நேராக எங்கள் ஆபீஸுக்கு வந்து உட்கார்ந்தார்.

"சரியாவுற வரைக்கும் இருக்கேன். இல்லன்னா நாளையிலேருந்து பழையபடி போன்ல ஆர்டர் வாங்கிக்கிடுதேன்."

காரணம் எங்கள் வங்காளி முதலாளி பிஸ்வாஸ் தாதா எழுதிய இன்டர்செப்டர். ஆப்பிலிருந்து போகும் எல்லா ரிக்வெஸ்டும், திரும்பி வரும் பதிலும் அதைத் தாண்டித்தான் போக வேண்டும். ஹேவ்லாக் நெட் மெதுவானது. மீன் பட்டியல்கூடத் திறக்காது. அதனால் பதில் வரவில்லையென்றால் மூன்று தடவை வரை அனுப்பும்படி தாதா அதில் எழுதிவைத்தார். "ஏக் ஜகா லிகோ, சப் ஜகா சலேகா" என்பார். ஓரிடத்தில் எழுதினால் எல்லா இடத்திலும் ஓடும். ஓடியது. பட்டியலை மூன்று தடவை கேட்டால் ஒன்றும் ஆகாது. ஆர்டர் அப்படியில்லை. முதல் தடவையே அது சர்வருக்குப் போய்விட்டது. பதில்தான் திரும்பி வரவில்லை. இன்டர்செப்டருக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

"திரும்ப அனுப்பும் அந்த ரீட்ரையையே எடுத்துவிடு" என்றார் தாதா.

"எடுத்தால் பட்டியல் மறுபடி திறக்காது தாதா. ஆர்டர் ரிக்வெஸ்ட் மட்டும் தன்னைத் திரும்ப அனுப்பாதே என்று சொல்லட்டும்."

ஆர்டர் அனுப்பும் இடத்தில், ரிக்வெஸ்டோடு போகும் செட்டிங்கான கான்ஃபிகில் retry: false என்று ஓர் ஆப்ஷன் சேர்த்தேன். இன்டர்செப்டர் அதைப் பார்த்தால் திரும்ப அனுப்பாமல் விட்டுவிட வேண்டும். நெட்டை வேண்டுமென்றே மெதுவாக்கி, ஒரு டெஸ்ட் ஆர்டர் போட்டேன்.

ஆர்டர் வந்ததாகச் சேவியர் அண்ணன் போன் மூன்று தடவை அடித்தது.

அவர் போனைப் பார்த்தார். தாதா என்னைப் பார்த்தார்.

நான் எழுதியதை நாலு தடவை படித்தேன், தப்பே இல்லை. பிறகுதான் இன்டர்செப்டருக்குள் வரும் கான்ஃபிகை அப்படியே பிரிண்ட் செய்து பார்த்தேன். முகவரி இருந்தது, டைம்அவுட் இருந்தது. என் ஆப்ஷன் இல்லை. ரிக்வெஸ்ட் அனுப்ப நாங்கள் வைத்திருந்த லைப்ரரியின் பழைய வெர்ஷன், தனக்குத் தெரியாத ஆப்ஷன்களை வழியிலேயே கழற்றிவிடுகிறது. எரர் கிடையாது, எச்சரிக்கை கிடையாது. அடுத்த வெர்ஷனில் அதைச் சரிசெய்திருந்தார்கள். மாற்றினேன். மறுபடி பிரிண்ட் செய்தேன். ஆப்ஷன் வந்து சேர்ந்திருந்தது.

இந்தத் தடவை போன் ஒரு தடவைதான் அடித்தது. என் ஸ்கிரீனில் நான் புதிதாக எழுதிய வரி வந்தது: 'ஆர்டர் போய்ச் சேர்ந்ததா என்று தெரியவில்லை. மறுபடி போடும் முன் ஆர்டர் பட்டியலைப் பார்க்கவும்.'

தாதாவுக்கு அது பிடிக்கவில்லை. "தெரியவில்லை என்று நம் ஆப்பே சொன்னால் கஸ்டமர் என்ன நினைப்பான்?"

புதிதாக இந்த வேலைக்கு வருபவர்களுக்கு நான் சொல்வது இரண்டு விஷயம். எல்லா ரிக்வெஸ்டுக்கும் ஒரே விதி எழுதும்போது, ஒரு ரிக்வெஸ்ட் 'எனக்கு வேண்டாம்' என்று சொல்ல ஒரு வழி வையுங்கள். அப்படிச் சொன்னது உள்ளே கேட்கிறதா என்று பிரிண்ட் செய்து பாருங்கள்.

ஸ்கிரீனில் வந்த அந்த வரியை நான் மாற்றவில்லை. நான் அதைப் படித்துக் காட்டியதும், சேவியர் அண்ணன் எழுந்து செருப்பை மாட்டினார்.

"இருக்கட்டும் தாதா. தெரியலன்னா தெரியலன்னு சொல்லுதுல்லா? அது போதும். நாளைக்கு மீன் ஏத்துதேன்."