ரயிலடிச் சாலை வேம்புகள்

அரியலூர் ரயிலடியிலிருந்து கடைவீதிக்குப் போகும் சாலையில் வேப்பமரங்களை நட்டவர் என் அப்பா. இதை நான் சொல்லாத ஆள் கிடையாது. கல்யாணமாகிப் போன புதிதில் புகுந்த வீட்டிலும் சொல்லிவைத்தேன். "வேப்பமரத்தைக்கூடவா ஒங்க ஊர்ல ஆள் வச்சு நடுவாங்க? அது தானா மொளைக்காதா?" என்று மாமியார் கேட்டார். அவர் எங்கள் மண்ணைப் பார்த்ததில்லை. ஒரு சாண் தோண்டினால் சுக்கான் பாறை. கடப்பாறையை ஓங்கிப் போட்டால் பொறி பறக்கும்.

அது யுத்த காலம். எனக்கு எட்டு வயது. அப்பா பஞ்சாயத்து போர்டில் எங்கள் தெருவுக்கு மெம்பர். ரயிலை விட்டு இறங்கும் ஜனங்கள் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு வெயிலில் ஓடுவதைப் பார்த்துப் பார்த்து, போர்டு கூட்டத்தில் மூன்று தரம் பேசி, நாலாவது தரம் சண்டை போட்டு, சாலையின் இரண்டு பக்கமும் வேம்பு வைக்கத் தீர்மானம் வாங்கினார். பாறையைக் குடைந்து குழி எடுத்தார்கள். ஏரி வண்டலை வண்டி வண்டியாகக் கொண்டுவந்து கொட்டினார்கள். ஐப்பசி மழையில் கன்றுகளை நட்டார்கள். மண்வெட்டி பிடித்தவர்கள் போர்டு ஆட்கள். அப்பா குடை பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றார். ஆனாலும் நட்டவர் அப்பாதான். அதில் எனக்குச் சந்தேகம் இருந்ததில்லை.

ஆடு மேயாமலிருக்க ஒவ்வொரு கன்றைச் சுற்றியும் கருவேல முள்ளை வட்டமாக ஊன்றிப் பனைநாரால் கட்டிவிட்டார்கள். அதே சாலையில் இருந்த எங்கள் வீட்டுக்கு எதிரே நின்ற கன்று என்னுடையது என்று அப்பா சொல்லிவிட்டார். மற்றவர்களுக்கும் அது தெரியவேண்டுமே என்று, என் பழைய சிவப்புப் பாவாடையில் ஒரு முழம் கிழித்து அந்த வேலியில் கட்டினேன். வாரத்தில் இரண்டு நாள் போர்டு வண்டி பீப்பாயில் தண்ணீர் கொண்டுவரும். அன்றைக்கு வண்டிக்காரர் என் கன்றுக்கு ஒரு குவளை கூடுதலாக ஊற்றும்வரை நகரவிடமாட்டேன்.

மாசி கடைசியில் முள் காணாமல்போக ஆரம்பித்தது. ஒருநாள் ஒரு வேலியில் பாதி, இன்னொரு நாள் வேறொன்றில் முழுசும். வேலி போன மறுநாளே ஆடு வந்துவிடும். யுத்தத்தால் விறகு விலை ஏறிக்கிடந்த சமயம். யாரோ அடுப்பெரிக்கத்தான் எடுக்கிறார்கள் என்று எல்லோருக்கும் புரிந்தது. யார் என்றுதான் தெரியவில்லை. முள் எடுப்பவர் அகப்பட்டால் போலீசில் ஒப்படைக்கப்படுவார் என்று போர்டுத் தலைவர் தண்டோரா போடச் சொன்னார். அப்பா காலையில் இலை முன்னால் உட்கார்ந்து இட்லியைப் பிட்டுக்கொண்டே அந்தத் திருடனைத் திட்டுவார். திட்டி முடித்து இன்னும் இரண்டு இட்லி கேட்பார்.

அந்த இட்லி தெருக்கோடி அக்காவிடம் வாங்கியது. அவள் புருஷன் மலேயாவில் தோட்ட வேலைக்குப் போனவன். ஜப்பான்காரன் அங்கே வந்த பிறகு அவனிடமிருந்து கடிதமும் இல்லை, பணமும் இல்லை. இடுப்பில் ஒரு குழந்தை, காலடியில் ஒன்று. இட்லி சுட்டு விற்றுக் காலம் தள்ளினாள்.

பங்குனியில் ஒருநாள் காலை கதவைத் திறந்தபோது என் கன்றின் வேலியைக் காணோம். கன்றும் இல்லை, ஒரு விரல் நீளக் குச்சி மட்டும் நின்றது. அழுதுகொண்டே தூக்குப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு இட்லி வாங்கப் போனேன். அக்காவின் அடுப்பு திகுதிகுவென்று எரிந்தது. பக்கத்தில் முள் குவியல். அதில் என் சிவப்புத் துணி.

இட்லியை வாங்கிக்கொண்டு ஒன்றும் சொல்லாமல் வந்தேன். வந்து அப்பாவிடம் சொன்னேன். ஊரே தேடிய திருடனை நான் கண்டுபிடித்துவிட்டேன் என்ற பெருமையில் அழுகை நின்றுவிட்டது. அப்பா இலையைப் பார்த்தார். பிட்ட இட்லியை வைத்துவிட்டுக் கை கழுவினார்.

"ரெண்டு புள்ளைக்காரிங்க அவ," என்றாள் அம்மா.

"தெரியும். நாளைக்கு என் தெருவுன்னு மறைச்சுட்டேன்னு பேசுவாங்க. தப்பு யார் செஞ்சாலும் தப்புதான்," என்றார் அப்பா. சட்டையை மாட்டிக்கொண்டு போர்டு ஆபீசுக்குப் போனார்.

அன்று பிற்பகலே கூட்டம். பியூன் வந்து அக்காவை அழைத்துக்கொண்டு போவதை வாசலில் நின்று பார்த்தோம். பெரிய குழந்தை அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு ஓடியது. அம்மா உள்ளே போய் முகம் கழுவி, வேறு புடவை கட்டிக்கொண்டு வந்தாள்.

"வா," என்று என் கையைப் பிடித்தாள்.

"எங்கம்மா?"

"நீ சொன்ன சேதிதான. நீயும் வந்து நில்லு."

போர்டு ஆபீஸ் படியைப் பெண்கள் மிதித்து நான் பார்த்ததில்லை. அம்மா கோயிலுக்குப் போவதென்றால்கூடக் கடைவீதியைச் சுற்றிக்கொண்டு சந்து வழியாகப் போகிறவள். அன்று நடுவீதியில் போனாள். கடைக்காரர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள்.

உள்ளே பெஞ்சுகளில் மெம்பர்கள். நடுவே மேஜைக்குப் பின்னால் தலைவர். சுவரோரமாக அக்கா நின்றாள். "தண்டோரா போட்டது காதுல விழுந்துதா இல்லியாம்மா?" என்று தலைவர் கேட்டுக்கொண்டிருந்தார். இடுப்பிலிருந்த குழந்தை அக்காவின் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது.

"அவளைக் கேக்காதீங்க," என்றாள் அம்மா, வாசற்படியிலேயே நின்று. "முள்ளு எடுத்தது நானுங்க."

தலைவர் அப்பாவைப் பார்த்தார். அப்பா அம்மாவைப் பார்த்தார்.

"வூட்டுல வெறகு தீந்துபோச்சுங்க. கண்ணுக்கு எதுத்தாப்புல முள்ளு நின்னுது. நாலஞ்சு தரம் பிரிச்சு எடுத்துட்டேன். எரிச்சது போக மிச்சத்தை இவகிட்ட குடுத்தேன். எங்க எடுத்ததுன்னு இவளுக்குத் தெரியாது."

ஜவுளிக்கடை வைத்திருந்த மெம்பர், "மெம்பரு வேலி கட்டுறாரு, அம்மா அடுப்புல வைக்கிறாங்க. போர்டு நல்லாத்தான் நடக்குது," என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் காது சுட்டது. அம்மாவின் பிடியிலிருந்து கையை உருவிக்கொண்டேன்.

அப்பா மெதுவாக எழுந்தார். தோள் துண்டை எடுத்து மடித்தார், பிரித்தார், மறுபடியும் மடித்தார். தலை குனிந்திருந்தது. கண் கலங்கியிருந்தது போலவும் பட்டது. "எங்க வூட்டுல நடந்தது. நான்தான் பொறுப்பு. தண்டோராவுல சொன்னபடி செய்யுங்க," என்றார்.

மெம்பர் வீட்டு அம்மாளைப் போலீசுக்கு அனுப்ப யாருக்குத் தைரியம் வரும். தலைவர் பக்கத்திலிருந்தவர்களோடு குசுகுசுவென்று பேசினார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "எடுத்த வேலியெல்லாம் திரும்பக் கட்டிக் குடுத்துடுங்கம்மா. பட்ட கன்னுக்குப் பதிலா போர்டு புதுசு தரும். மழை வர்ற வரைக்கும் ஒங்க பக்கத்துக் கன்னு அத்தனைக்கும் ஒங்க வூட்டுலேருந்துதான் தண்ணி," என்றார்.

"ஊத்துறேங்க," என்றாள் அம்மா. திரும்பப் போனவள் நின்றாள். "இன்னொண்ணுங்க. ஏரிக்கரையில காஞ்ச முள்ளு மக்கிக் கெடக்கு. இல்லாதவங்க வெட்டிக்கலாம்னு சொல்லிட்டீங்கன்னா வேலியில யாரும் கை வைக்க மாட்டாங்க."

யாரும் பதில் சொல்வதற்கு முன்னால் அப்பா குமாஸ்தாவைப் பார்த்து, "எழுதிக்கய்யா," என்றார்.

வீடு திரும்பும்போது நான் தள்ளியே நடந்தேன். பாதி வழியில் பொறுக்கமுடியாமல், "ஏம்மா என் மரத்துல எடுத்த?" என்று கேட்டேன்.

"தெரியாம எடுத்துட்டேன் பாப்பா. இனிமே எடுக்கமாட்டேன்," என்றாள்.

நான் நாலு நாள் அவளோடு பேசவில்லை. பள்ளிக்கூடத்தில் என்னை 'முள்ளு திருடி மவ' என்றார்கள். அப்படிச் சொன்ன ஒருத்தியைச் சிலேட்டால் அடித்துவிட்டு, அதற்கும் அம்மாமேல்தான் கோபப்பட்டேன்.

கூட்டம் நடந்த மறுநாளே அம்மா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தெருக் கிணற்றில் இறைத்து, இடுப்பில் ஒரு குடமும் கையில் ஒரு வாளியுமாக ஊற்ற ஆரம்பித்தாள். ஜன்னல்களுக்குப் பின்னால் முகங்கள் தெரிந்தன. மூன்றாம் நாள் இட்லி விற்று முடித்த கையோடு தெருக்கோடி அக்கா ஒரு குடத்துடன் வந்து நின்றாள். அம்மா கிணற்றுக் கயிற்றை அவளிடம் கொடுத்தாள். அந்த வாரத்துக்குள் போலீஸ்காரர் வீட்டம்மாள், அப்புறம் வாத்தியார் வீட்டு மருமகள், அப்புறம் தங்கள் வீட்டுக்கு எதிரே உள்ள கன்றுக்கு அடுத்தவர்கள் ஊற்றுவதா என்று ரோஷப்பட்ட மற்றவர்கள். போர்டு வண்டிக்கு எங்கள் பக்கத்தில் வேலையே இல்லாமல் போயிற்று. அந்தச் சித்திரை வெயிலில் எதிர்ச் சாரியில் ஏழெட்டுக் கன்றுகள் கருகின. எங்கள் சாரியில் ஒன்றுகூடப் போகவில்லை. எனக்காகப் புதிதாக வைத்த கன்றுதான் எல்லாவற்றிலும் சின்னது, அதுவும் பிழைத்தது.

மூன்றாம் வருஷம் ஆட்டுக்கு எட்டாத உயரம். சுதந்திரம் வந்த வருஷம் மூட்டைக்காரர்கள் இறக்கிவைத்து உட்காரும் அளவுக்கு நிழல். ரயிலை விட்டு இறங்குகிறவர்கள் தலைத்துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொள்வதை அப்பா வாசலில் நின்று பார்ப்பார். பூக்கும் காலத்தில் சாலை முழுதும் வெள்ளையாகப் பொரி இறைத்த மாதிரி கிடக்கும். வேற்றூர்க்காரர் யாராவது "யார் வச்சது?" என்று கேட்டால் அப்பா தன் பெயரைச் சொல்லமாட்டார். "எங்க வூட்டுல ஊத்தி வளத்தது," என்பார்.

கூட்டத்தில் அவர் தலை குனிந்து நின்றது வெட்கத்தினால் என்றுதான் வெகு காலம் நினைத்திருந்தேன். பொய் சொன்னால் பிள்ளைகளைக்கூட விடாதவர், அன்று ராத்திரி ஏன் அம்மாவை ஒரு வார்த்தையும் கேட்கவில்லை, ஏன் தன் இலையிலிருந்த வடையை எடுத்து அவளுக்கென்று தனியே வைத்தார் என்பதெல்லாம் எனக்கு விளங்கவில்லை. அவருக்குத் தெரியாததா? செந்துறையிலிருந்து மாமா தை மாதம் வண்டியில் ஏற்றி அனுப்பிய புளிய விறகு எங்கள் கொல்லையில் கூரை முட்ட அடுக்கியிருந்தது. அந்தக் கோடை முழுதும், அம்மாவோடு பேசாத அந்த நாலு நாளும்கூட, காலையில் அந்த அடுக்கிலிருந்து விறகை உருவிக் கொண்டுபோய் அடுப்படியில் போட்டவள் நான்தான்.